அழகு கடைசியில் வரட்டும்: முதல் ஆடைத் தொகுப்பைச் செய்வோருக்கு ஒரு வழிகாட்டி

சென்னையில் ஆடை வடிவமைப்புப் படிப்பை முடிக்கும் மாணவர்களின் ஆண்டிறுதிக் காட்சிகளுக்குப் பல ஆண்டுகளாகப் போய்வருகிறேன். சில முறை மதிப்பீட்டாளர் வரிசையிலும் அமர்ந்திருக்கிறேன். காட்சி முடிந்து தேநீர் அருந்தும் நேரத்தில் யாராவது ஒருவர் தவறாமல் ஒரே கேள்வியைக் கேட்பார்: இந்தப் பிள்ளைகள் உடுத்த வசதியான, கண்ணுக்கு இனிய உடைகளோடு நின்றுவிடுகிறார்களே, புதிதாக ஒன்றைச் செய்துபார்க்கும் துணிவு எங்கே? கேள்வியில் உண்மை இருக்கிறது. மேடைக்கு வருபவற்றில் பெரும்பாலானவை வெளிர்நிற ஆர்கன்சா, ஓரத்தில் லேஸ், மார்பில் பூத்தையல், கீழே அகன்ற சுருக்கம் என்று ஒரே வீட்டுப் பிள்ளைகளைப் போல இருக்கின்றன. ஆனால் இதைத் துணிவின்மை என்று பெயரிட்டு ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை.

படிப்பை முடித்தவருக்கு இந்த ஊரில் முதல் வருமானம் தருவது பெரும்பாலும் கல்யாண பிளவுஸ்தான். மணப்பெண் பட்டுச்சேலையோடு வருவார், கொக்கி ஊசியால் செய்யும் ஆரி வேலை கேட்பார், கையில் மயிலும் முதுகில் பல்லக்கும் கேட்பார். தை தொடங்கி முகூர்த்த மாதங்கள் முழுவதும் இந்த வேலை ஓயாது. வாடகையையும் உதவியாளரின் சம்பளத்தையும் இதுதான் தருகிறது. ஆகவே வடிவமைப்பாளரின் கண் துணியின் மேற்பரப்பிலேயே பழகுகிறது. அடியில் இருக்கும் வெட்டு, அவர் முதல் பருவத்தில் கற்ற அடிப்படை வெட்டாகவே நின்றுவிடுகிறது. இதோடு கைபேசித் திரையும் சேர்ந்துகொண்டது. பூத்தையல் ஒளிப்படத்தில் நன்றாக விழும், கை உடலோடு சேரும் கைவளைவின் நயம் விழாது. எனவே பாராட்டு எதற்குக் கிடைக்கிறதோ அதையே எல்லோரும் மேலும் செய்கிறார்கள்.

மறுபக்கம் இருப்பதும் எனக்கு உவப்பானதாக இல்லை. கல்லூரி விழாக்களில் செய்தித்தாளாலும் பழைய குறுந்தகடுகளாலும் நெகிழிக் கரண்டிகளாலும் செய்த உடைகள் மேடையேறுகின்றன. மறுநாள் காலையில் அவை குப்பையில் கிடக்கின்றன. அவை விசித்திரமானவை என்பதை ஒப்புக்கொள்ளலாம். புதுமை என்று நான் கருதுவது, துணி இதுவரை உடலுக்குச் செய்யாத ஒன்றைச் செய்வதையே. அந்த அளவுகோலை வைத்துக்கொண்டால் அழகுக்கும் புதுமைக்கும் இடையே பகை ஏதும் இல்லை. எது முதலில் முடிவாகிறது என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அழகை முதல் நாளே தீர்மானித்துவிட்டால் புதுமை நுழைய இடம் கிடைப்பதில்லை. ஐந்தாறு உடைகள் கொண்ட முதல் தொகுப்பைச் செய்யப் போகிறவர்கள் அந்த வரிசையை எப்படி மாற்றிக்கொள்வது என்பதை, நான் செய்து பார்த்ததையும் அருகிலிருந்து கண்டதையும் கொண்டு கீழே எழுதுகிறேன்.

வரைந்ததை உரித்துப் பாருங்கள்

உங்கள் வரைபடங்களை எடுத்து, நிறம், அச்சு, பூத்தையல், மணி, லேஸ் அனைத்தையும் நீக்கிவிட்டு, எஞ்சிய கோடுகளை மட்டும் மெல்லிய தாளில் மறுபடி வரையுங்கள். பிறகு அந்தக் கோடுகளைக் காடாத்துணியில், அதாவது வெளுக்காத சாதாரணப் பருத்தித் துணியில், தைத்துப் பாருங்கள். ஜார்ஜ் டவுன் கோடவுன் தெருவின் மொத்தக் கடைகளைச் சுற்றி வந்தால், சோதனை வெட்டுக்கு ஏற்ற மலிவான துணி கிடைக்கும். நீங்கள் பின்னால் பயன்படுத்தப் போகும் துணியின் கனத்துக்கு நெருக்கமான காடாவைக் கையால் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை மட்டும் மறவாதீர்கள். தைத்து முடித்தபின் எதிரே தொங்குவது உங்கள் தெருமுனைத் தையற்கடையில் நாளைக்கே தைத்துத் தரக்கூடிய குர்த்தாவாக இருந்தால், நீங்கள் எண்ணியிருந்த புதுமை முழுவதும் மேற்பரப்பில் இருந்தது என்று பொருள். இதில் வருந்த ஒன்றும் இல்லை. வேலையை எங்கே தொடங்க வேண்டும் என்பது தெரிந்துவிட்டது.

முழு அளவில் தைத்துப் பார்க்கப் பணமோ நேரமோ இல்லாதவர்கள் அரை அளவில் செய்யலாம். நீளமும் அகலமும் பாதியாகும்போது துணி கால் பங்கே செலவாகும் என்பதால் ஒரு முழு உடைக்கான காடாவில் நான்கு சோதனைகள் செய்துவிடலாம். பாரிஸில் 1912ல் தன் ஆடையகத்தைத் தொடங்கிய மதலேன் வியோனே, சிறிய மரப்பொம்மை ஒன்றின் மீது துணியைச் சுற்றிச் சுற்றித்தான் தன் உடைகளைக் கண்டடைந்தார். துணியை நேர் இழையில் வெட்டாமல் 45 டிகிரி குறுக்காக, நம் தையற்காரர்கள் கிராஸ் என்று சொல்கிறார்களே, அந்தத் திசையில் வெட்டி முழு உடையையும் அமைப்பதை அவர் ஒரு முறையாகவே வளர்த்தெடுத்தார். குறுக்காக வெட்டிய துணி இழுபடும், உடலோடு ஒட்டி இறங்கும், ஆகவே உடலுக்கேற்பத் துணியைப் பிடித்துத் தைக்கும் டார்ட்டே பல இடங்களில் தேவைப்படவில்லை. அந்த உடைகள் பேரழகானவை. அந்த அழகு வெட்டிலிருந்து பிறந்தது.

கேள்வியை ஊரில் தேடுங்கள்

எதைப் புதிதாகச் செய்வது என்று ஓவியங்களிலும் படத்தொகுப்புகளிலும் தேடுவதைவிட, மக்கள் தங்கள் உடையில் எதைப் பொறுத்துக்கொண்டு வாழ்கிறார்கள் என்று ஒரு வாரம் கவனித்துக் குறிப்பெடுப்பது நல்ல பலன் தரும். பனகல் பூங்காவின் பெஞ்சிலோ கோயம்பேடு பேருந்து நிலையத்திலோ மின்தொடர் வண்டியின் மகளிர் பெட்டியிலோ அமர்ந்திருங்கள். இருசக்கர வண்டியின் சக்கரத்தில் சிக்காமலிருக்கத் துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொள்ளும் பெண்ணையும், பையில்லாத குர்த்தாவால் கைபேசியைக் கையிலேயே பிடித்தபடி கம்பியைப் பற்ற முடியாமல் தடுமாறுபவரையும், வைகாசி வெயிலில் பாலியெஸ்டர் சீருடையோடு நாள் முழுவதும் நிற்கும் கடைப் பணியாளரையும், சாப்பிட உட்காரும்போது அகன்ற கையை முழங்கைக்கு மேலே சுருட்டிக்கொள்பவரையும் பார்ப்பீர்கள். இவை ஒவ்வொன்றும் ஒரு தொகுப்புக்குப் போதுமான கேள்வி.

உலகம் நினைவில் வைத்திருக்கும் பல உடைகள் இப்படித்தான் பிறந்தன. அமெரிக்க வடிவமைப்பாளர் கிளேர் மெக்கார்டெல் 1942ல் செய்த பாப்ஓவர் என்ற உடை, வீட்டுவேலையைத் தானே செய்யத் தொடங்கிய பெண்களுக்காகச் செய்யப்பட்டது. மேலே போர்த்திக் கட்டிக்கொள்ளக்கூடியது, அடுப்புக்கான கையுறை அதனோடு சேர்ந்தே வந்தது, விலை 7 டாலருக்கும் குறைவு. ஜப்பானின் இஸ்ஸே மியாகே, மடித்துப் பையில் திணித்தாலும் கசங்காத, துவைத்தால் விரைவில் உலரும், எந்த உடலோடும் அசையும் உடையைத் தேடினார். துணியை மடித்துவிட்டுத் தைக்கும் வழக்கத்தைத் தலைகீழாக்கி, உடையை இரண்டரை, மூன்று மடங்கு பெரிதாக வெட்டித் தைத்தபின் தாள்களுக்கிடையே வைத்து வெப்ப அழுத்தத்தில் மடிப்புகளை நிரந்தரமாக்கினார். அந்த முறையில் செய்த உடைகள் 1993ல் பிளீட்ஸ் ப்ளீஸ் என்ற பெயரில் தனி வரிசையாக வந்தன. நடனக் கலைஞரும் பாட்டியும் ஒன்றுபோல அணியக்கூடிய உடை அது. அதைப் புதுமை இல்லை என்று எவரும் சொன்னதில்லை.

ஒரு பிளவுஸ், நான்கு சோதனைகள்

என் சொந்தக் கேள்வி வீட்டிலேயே கிடைத்தது. அம்மாவுக்கு வலது தோள்பட்டை இறுகிப்போய், கையை மார்பு உயரத்துக்கு மேல் தூக்க முடியாமலும் பின்னால் கொண்டுபோக முடியாமலும் ஆனது. வாழ்நாள் முழுவதும் சேலை உடுத்தியவர் நைட்டியிலேயே இருக்கத் தொடங்கினார், உறவினர் வீட்டு விசேஷங்களுக்கு வர மறுத்தார். காரணம் சேலை அல்ல, பிளவுஸ் என்பது எனக்குப் பல வாரங்கள் கழித்துத்தான் புரிந்தது. முன்பக்கம் கொக்கி வைத்த இறுக்கமான பிளவுஸில் ஒரு கையை நுழைத்தபின் இன்னொரு கையைப் பின்னால் வளைத்துத்தான் நுழைக்க முடியும். அந்த ஒரு நொடிதான் அவரை வீட்டில் அடைத்து வைத்திருந்தது.

முதல் சோதனையாகப் பின்பக்கம் திறக்கும் பிளவுஸ் தைத்தேன். இரு கைகளையும் முன்னாலேயே நீட்டி நுழைத்துவிடலாம் என்பதால் வலி இல்லை, ஆனால் கொக்கி மாட்ட இன்னொருவர் வேண்டும். "நீ வேலைக்குப் போனப்புறம் யாரைக் கூப்பிடறது?" என்று அம்மா கேட்டார். அந்தக் கேள்வியோடு அது முடிந்தது. இரண்டாவதில், கழுத்திலிருந்து தோள் வழியாகக் கையின் மேற்புறம் வரை திறந்து அழுத்துப் பொத்தான்கள் வைத்தேன். கையை நுழைக்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று என்றாலும், சேலை மடிப்புகளின் கீழே பொத்தான்கள் தோளில் உறுத்தின. பை மாட்டினால் ஒன்றிரண்டு திறந்துகொண்டன. மூன்றாவதில் கைவளைவுத் தையலையே விட்டுவிட்டு, உடலும் கையும் ஒரே துண்டாக வரும்படி தளர்வாக வெட்டி, முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போர்த்தி இடது இடுப்பில் நாடாவால் கட்டும்படி செய்தேன். அவரால் தானே அணிய முடிந்தது. ஆனால் அக்குளில் துணி மூட்டையாகத் திரண்டது, முந்தானை மடிப்புகள் தோளில் நிற்கவில்லை. வெட்டும் மாஸ்டர் பார்த்துவிட்டு, "இது உக்காராதும்மா, துணி அதிகமா இருக்கு, ஆனா இருக்க வேண்டிய இடத்துல இல்லை" என்றார்.

இளைய வடிவமைப்பாளர்கள் கவனிக்க வேண்டிய இடம் இதுதான். கைவளைவை ஆழமாக்கினால் கை தாராளமாக அசையும் என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். உண்மையில் கைவளைவு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது அவ்வளவுக்கு மொத்த பிளவுஸும் மேலே இழுபடும். அசைவுக்குத் தேவையான துணி அக்குளுக்கு நேர் கீழே, சிறிய அளவில் இருந்தால் போதும். பழைய நேர்வெட்டுக் குர்த்தாக்களில் அக்குளில் ஒரு சிறு சதுரத் துண்டு வைத்துத் தைத்திருப்பதன் காரணம் அதுவே. நான்காவது சோதனையில் 4 அங்குலச் சதுரம் ஒன்றைக் கிராஸாக வெட்டி அக்குளில் சேர்த்தேன். அந்தச் சதுரம் தந்த இடத்தால் கையையும் பக்கத்தையும் ஒட்டக் குறுக்க முடிந்தது, மூட்டை மறைந்தது, தோள் சமமாக நின்றது. வலிக்கும் கையை முதலில் நுழைத்து, கழற்றும்போது கடைசியில் எடுக்க வேண்டும் என்று இயன்முறை மருத்துவர் சொல்லித் தந்த வரிசைக்கேற்ப, வலக்கைப் பக்கத் துணி மேலே வந்து போர்த்தும்படி மாற்றினேன்.

இந்தச் சதுரத்தைத் தைப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதைச் சேர்ப்பதற்காக அக்குளில் வெட்டிய பிளவின் முனையில்தான் துணி முதலில் கிழியும். பிளப்பதற்கு முன்பே அந்த முனையின் பின்புறம் மெல்லிய துணித் துண்டு ஒன்றை வைத்துச் சிறு தையலாக ஓட்டிவிட்டு, பிறகு அந்தத் துண்டோடு சேர்த்துப் பிளக்க வேண்டும். மூலையில் ஊசியை நிறுத்தி, தையல் இயந்திரத்தின் பாதத்தைத் தூக்கித் துணியைத் திருப்பித் தைத்தால் சுருக்கம் விழாது.

கடைசியாகத்தான் அழகைப் பற்றி யோசித்தேன். சேலையோடு வந்த பிளவுஸ் துண்டின் கரையிலிருந்து அந்தச் சதுரத்தை வெட்டினேன். கை கீழே இருக்கும்போது வெளியில் ஒன்றும் தெரியாது. அம்மா கை கூப்பினாலோ பேரனைத் தூக்கினாலோ அரக்கு நிறத்தில் ஒரு துளி தெரிந்து மறையும். நான் தைத்தவற்றில் அதைவிட அழகானது வேறு எதுவும் இல்லை என்று இன்றும் நினைக்கிறேன்.

தறியிடம் கேட்க வேண்டியவை

வெட்டுவதற்கு முன்பே புதுமைக்கு ஓர் இடம் இருக்கிறது, அது தறி. சேலையும் வேட்டியும் வெட்டப்படாமலே உடையாகின்றன. மற்ற உடைகளை வெட்டும்போது துணியில் சுமார் 15 சதவீதம் கழிவாகத் தரையில் விழும் என்பது தொழிலில் வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த ஒப்பீட்டைச் சற்று நேரம் மனத்தில் வைத்துக்கொண்டு காடாத்துணியைக் கையில் எடுத்தால், செவ்வகங்களை மட்டுமே கொண்டு ஒரு சட்டையை அமைக்க முடியுமா என்ற எண்ணம் தானாக வரும். முயன்று பாருங்கள், அக்குள் சதுரத்தின் அருமை அப்போது இன்னும் நன்றாகப் புரியும்.

காஞ்சிபுரம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 75 கிலோமீட்டர். போகும்போது வடிவத்தை முடித்து எடுத்துக்கொண்டு போகாதீர்கள். முதலில் தறியின் அகலம், நூலின் நயம், ஒரு பாவு, அதாவது தறியில் நீளவாக்கில் கட்டும் இழைத்தொகுதி, எத்தனை சேலைக்கு ஓட்டப்படுகிறது, பாவை மாற்ற எத்தனை நாளாகும் என்பவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பாவை மாற்றுவது செலவு. குறுக்கே ஓடும் இழையான ஊடையை மாற்றுவது எளிது. ஆகவே உங்கள் முதல் சோதனையை, ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் பாவில் வேறு நிறமோ வேறு கனமோ கொண்ட ஊடையைச் செலுத்திப் பார்க்கும் வகையில் திட்டமிடுங்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் துல்லியமாகப் பிணையும் கோர்வை முறையை அருகில் நின்று பாருங்கள். ஊடை நூலைக் கொண்டு செல்லும் மூன்று தறிநாடாக்கள் ஓட, பக்கத்தில் ஒருவர் கைகொடுக்க, ஒவ்வோர் இழைக்கும் அந்தப் பிணைப்பு நிகழ்கிறது. அந்தப் பிணைப்புக் கோட்டை ஓர் உடையில் இடுப்பிலோ தோளிலோ கொண்டுவந்து நிறுத்த முடிந்தால், தையலே இல்லாத இணைப்பு ஒன்று உங்களுக்குக் கிடைக்கும். காஞ்சிபுரம் போக முடியாதவர்கள் முட்டுக்காட்டில் உள்ள தட்சிணசித்ரா என்ற மரபு வீடுகளின் அருங்காட்சியகத்தில் நெசவாளர் வீட்டையாவது பார்த்துவிட்டு வரலாம்.

பழையதைத் தேடுவதும் புதுமைக்கு வழியாகும் என்பதற்கு அடையாறில் 1930களிலேயே சான்று இருக்கிறது. 1936ல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவி அருண்டேல், மறுவருடமே அங்கே நெசவுப் பிரிவையும் அமைத்து, பழைய கரைகளையும் நிறச் சேர்க்கைகளையும் மீட்டுப் புதிய சேலைகளை நெய்வித்தார். மேடைக்கு உடை வேண்டும் என்ற தேவையிலிருந்து ஒரு நெசவு மரபே புத்துயிர் பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் நம் ஊர்ப் பெயரைத் தாங்கிக் கடல் கடந்த துணியில் இருக்கிறது. மெட்ராஸ் கைக்குட்டைத் துணி என்ற கட்டம்போட்ட பருத்தித் துணி நூற்றாண்டுகளாக மேற்கு ஆப்பிரிக்காவுக்கு ஏற்றுமதியானது. நைஜீரியாவின் நைஜர் கழிமுகத்தில் வாழும் கலாபரி மக்கள், இங்கிருந்து போன அந்தத் துணியில் குறிப்பிட்ட நிற இழைகளை மட்டும் கூரிய கத்தியால் அறுத்து உருவி எடுத்து, கட்டங்களுக்குள் வலைபோன்ற புதிய உருவங்களை உண்டாக்கினார்கள். பெலெடே பிடே என்று அதற்குப் பெயர். எதையும் சேர்க்காமல், இருப்பதிலிருந்து எடுத்தே அதைத் தங்கள் சொந்தத் துணியாக்கிக்கொண்டார்கள். மணியும் சரிகையும் சேர்ப்பதற்கு முன்னால் இந்த ஒரு துணியை நினைத்துக்கொள்ளும்படி என்னிடம் வரும் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு.

ஓர் உடைக்கு ஒரு புதுமை

முதல் தொகுப்பில் பலர் செய்யும் பிழை, வெட்டு, துணி, நிறம், அணியும் முறை எல்லாவற்றையும் ஒரே உடையில் மாற்ற முயல்வது. பார்ப்பவருக்கு எங்கே கண்ணை வைப்பது என்று தெரியாது, அணிபவருக்கு எங்கே கையை நுழைப்பது என்று தெரியாது. ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றவை அறிமுகமானவையாக இருக்கட்டும். மிகத் துணிந்தவர்கள் என்று பெயரெடுத்தவர்களும் இப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஜப்பானின் கோம் தே கார்சோன்ஸ் ஆடை நிறுவனத்தின் ரே கவாகுபோ, 1997ஆம் ஆண்டு வசந்தகாலத்துக்கான தொகுப்பில் முதுகிலும் இடுப்பிலும் தோளிலும் பஞ்சுப் புடைப்புகளை வைத்து உடலின் உருவத்தையே கலைத்துக் காட்டினார். ஆனால் அதன் பல உடைகளுக்கு அவர் தேர்ந்தெடுத்த துணி, சமையலறை மேசைவிரிப்பில் காணும் சாதாரணக் கட்டம் போட்டது. அந்தக் கட்டம் அறிமுகமானதாக இருந்ததால்தான், அது வளைந்து போன இடம் கண்ணில் பட்டது.

நம் நாட்டிலும் சான்று உண்டு. வடிவமைப்பாளர் ராகுல் மிஸ்ரா 2006ல் லாக்மே ஃபேஷன் வாரத்தில் அறிமுகமானபோது கொண்டுவந்தது கேரளக் கைத்தறியில் செய்த, இருபுறமும் திருப்பி அணியக்கூடிய உடைகள். துணி எல்லோருக்கும் தெரிந்தது. திருப்பி அணியலாம் என்பது மட்டுமே புதியது. 2014ல் மிலானில் கம்பளி ஆடை வடிவமைப்புக்கான சர்வதேச வூல்மார்க் பரிசை வென்ற முதல் இந்தியரும் அவரே.

புதிய உருவம் முதலில் அழகாகத் தோன்றாமல் போகலாம் என்பதற்கும் ஆயத்தமாக இருங்கள். பிரெஞ்சு வடிவமைப்பாளர் கிறிஸ்டியன் டியோர் 1947ல் இடுப்பை இறுக்கிப் பாவாடையை விரித்த உடைகளை அறிமுகப்படுத்திய பிறகு, அந்த மணற்கடிகார உருவமே அழகு என்று பத்தாண்டுகள் கண்கள் பழகியிருந்தன. 1957ல் பாரிஸில் இயங்கிய இன்னொரு வடிவமைப்பாளரான பலென்சியாகா, இடுப்பே இல்லாத, சாக்கு என்றே பெயர்பெற்ற நேருடையைக் கொண்டுவந்தபோது பலர் முகம் சுளித்தார்கள். உடலைப் பிடிக்காமல் காற்றுக்கு இடம் விட்டு நிற்கும் உடை என்பதை இன்று நாம், அதுவும் சென்னையில் இருப்பவர்கள், எவரும் விளக்காமலே புரிந்துகொள்வோம்.

மாஸ்டரிடம் பேசும் முறை

வெட்டும் மாஸ்டரிடம் வரைபடத்தைக் காட்டாதீர்கள். அரை அளவுக் காடா மாதிரியைக் கொண்டுபோய்க் கையில் கொடுங்கள். அவர் அதைத் திருப்பிப் பார்த்து, தையலை இழுத்துப் பார்த்து, "இங்க இழுக்கும்" என்று சொல்லும் இடத்தைச் சாக்கட்டியால் குறித்துக்கொள்ளுங்கள். "ஏன் மாஸ்டர் இழுக்கும்?" என்று கேட்டால் அவருக்குச் சொற்கள் கிடைக்காமல் போகலாம், "எங்கே வெட்டினா இழுக்காது, அண்ணா?" என்று கத்தரிக்கோலைக் கொடுத்தால் கை பதில் சொல்லும். அவர் கண்டுபிடித்துத் தந்த தீர்வை உங்கள் விளக்கக் குறிப்பில் அவருடையது என்றே எழுதுங்கள். இதைப் பலரும் செய்வதில்லை என்பது எனக்கு நெடுநாளைய வருத்தம்.

உடுத்திப் பார்க்கும் மாதம்

காட்சிக்கு முன்னால் ஒரு மாதம் ஒதுக்குங்கள். வெவ்வேறு வயதும் உடல்வாகும் கொண்ட மூவரைக் கேட்டுக்கொண்டு, அவர்கள் அளவில் தைத்துத் தாருங்கள். ஆள் உயர பொம்மைமீது நன்றாக நின்ற உடை, இவர்கள்மீது என்ன செய்கிறது என்பதே உங்கள் உண்மையான மதிப்பீடு. தாம்பரத்திலிருந்து பிராட்வே வரை பேருந்தில் நின்றபடி போய்வரட்டும். இருசக்கர வண்டியின் பின்னிருக்கையில் அமரட்டும். தரையில் சம்மணமிட்டு இலையில் சாப்பிடட்டும். மொட்டைமாடிக் கொடியில் துணி காயப்போடட்டும். சித்திரை, வைகாசியில் செய்தால் இன்னும் நல்லது, ஏனெனில் வியர்வையைத் தாங்காத உடை இந்த ஊருக்கான உடையல்ல. திரும்பி வந்ததும் உள்புறத்தைப் பிரித்துப் பாருங்கள். உப்பு படிந்த கோடு எங்கே, தையலோரத்தில் இழை எங்கே விலகியிருக்கிறது, எந்த மடிப்பு திரும்பவும் நிற்கவில்லை என்று தேதியிட்டு எழுதுங்கள்.

துணியை வெட்டுவதற்கு முன்பே நனைத்து உலர்த்தியிருக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆனால் லைனிங்கையும் நாடாவையும் நனைக்க மறந்து, முதல் சலவையிலேயே உடை சுருண்டுபோன கதைகளை நிறையக் கேட்டிருக்கிறேன். கறுப்பு, அரக்கு, கருநீலத் துணிகளை வெள்ளைத் துண்டோடு சேர்த்து நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பாருங்கள். சாயம் இறங்குவதையே பெருமையாகச் சொல்லி ஒரு காலத்தில் அமெரிக்காவில் மெட்ராஸ் துணி விற்கப்பட்டதுண்டு. உங்கள் முதல் வாடிக்கையாளர் அதற்கு இணங்குவார் என்று நம்பியிருக்க வேண்டாம்.

இந்த மாதம் முடிந்தபின் நிறத்தையும் அலங்காரத்தையும் முடிவு செய்யுங்கள். புதுமை எந்த இடத்தில் இருக்கிறதோ, அந்த இடத்துக்குக் கண்ணை அழைத்துப்போகும் அளவுக்கு மட்டும் அலங்காரம் இருந்தால் போதும். பிணைப்புக் கோட்டின்மேல் ஒற்றை வரிசைக் கைத்தையல், பையின் உள்புறத்தில் வேறு நிறம், நாடாவின் முனையில் ஒரு முடிச்சு. ஆரி வேலை தெரிந்தவர் அதையும் பயன்படுத்தலாம். ஊசி நெருக்கமாக விழும் இடத்தில் துணி விறைக்கும் என்பதால், விறைப்பு தேவைப்படும் இடத்தில், ஒரு காலரின் விளிம்பிலோ பையின் வாயிலோ, அதை வைத்தால் அலங்காரமும் ஒரு வேலையைச் செய்யும். கல்யாண பிளவுஸ் தைப்பதை நிறுத்துங்கள் என்று நான் சொல்லவே மாட்டேன். வாரத்தில் ஐந்து நாள் அந்த வேலை இருக்கட்டும், ஒரு நாளைக் காடாத்துணிக்கு ஒதுக்கிவைத்து அந்த நாளில் எந்த அளவும் எடுக்காமல் இருங்கள்.

காட்சியில் உடையைப் பற்றி நீளமாகப் பேச வேண்டாம். அணிந்திருப்பவர் கையைத் தூக்கட்டும், குனியட்டும், திருப்பி அணிந்து காட்டட்டும். ஒளிப்படத்தில் முன்தோற்றம் ஒன்று, அசைவில் ஒன்று, உள்புறத் தையல் ஒன்று என்று மூன்றையும் வைத்துக்கொள்ளுங்கள். பார்த்தவர் "ரொம்ப அழகா இருக்கும்மா" என்று சொன்னால் நன்றி சொல்லிவிட்டு, இதை எங்கே உடுத்திக்கொண்டு போவீர்கள் என்று கேளுங்கள். பதில் உடனே வந்தால் குறித்துக்கொள்ளுங்கள். அவர் யோசிக்கத் தொடங்கினால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஆறு மாதம் கழித்து, உடையை வாங்கியவர்களையும் சோதித்துத் தந்த மூவரையும் தொலைபேசியில் அழைத்து, அது இப்போது எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அம்மாவுக்குச் செய்த அந்த வெட்டைப் பின்னால் அவர் வயதுடைய சிலருக்கும் தைத்துக் கொடுத்தேன். அவர்களில் ஒருவர், இடுப்பு நாடாவை முடிய விரல்கள் ஒத்துழைக்கவில்லை என்று நாடாவை அறுத்துவிட்டு, ஒரு பெரிய சட்டைப் பொத்தானைத் தானே கையால் தைத்திருந்தார். நாடா இருந்த இடத்திலிருந்து ஒன்றரை அங்குலம் முன்னால், இடக்கை விரல்கள் இயல்பாகச் சென்று நிற்கும் இடத்தில் அது இருந்தது. பிளவுஸை ஒருநாள் கடன் வாங்கிவந்து அந்த இடத்தை அளந்தேன். இப்போது என் வெட்டுத்தாளில் பொத்தானின் புள்ளி அங்கேதான் இருக்கிறது.